மயக்கம் வேறு, வலி தெரியாமை வேறு, மறதி வேறு: எண்டோஸ்கோபி மேசையில் என்ன நடக்கிறது

‘டியூப் விட்டுப் பார்க்கணும்’ என்று டாக்டர் சொன்னதும் பெரும்பாலோர் திருப்பிக் கேட்பது, ‘மயக்கம் குடுப்பீங்களா சார்?’ என்றுதான். கேட்பவர் மனதில் இருப்பது ஆபரேஷன் தியேட்டர் மயக்கம். கண்ணை மூடித் திறந்தால் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். டாக்டர் ‘லேசா குடுப்போம்’ என்கிறாரே, அது வேறு சரக்கு. இரண்டு பேரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு விஷயம் பேசிப் பிரிகிறார்கள். மேசையில் படுத்த பிறகு, ‘ஐயோ, எனக்கு எல்லாம் தெரியுதே’ என்று பதறுவது அங்கிருந்து தொடங்குகிறது.

மயக்கம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. வலி தெரியாமல் இருப்பது ஒன்று. பதற்றம் அடங்கி அரைத்தூக்கத்தில் கிடப்பது இன்னொன்று. நடந்தது பிறகு ஞாபகத்தில் நிற்காமல் போவது மூன்றாவது. மிடாசோலம் என்ற மருந்து பதற்றத்தை அடக்கும், ஞாபகத்தை அழிக்கும், வலியைத் தொடாது. ஃபென்டனில் வலியைக் குறைக்கும். ஞாபகத்தை அவ்வளவாக அழிக்காது. புரொபோஃபால் தூங்கவைக்கும், அதற்கும் வலியைப் போக்கும் சக்தி கிடையாது, வலி எட்டாத ஆழத்துக்கு ஆளைக் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். தொண்டையில் அடிக்கும் லிக்னோகெய்ன் ஸ்பிரே அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைக்கும். பஸ்கோபான் இந்த மூன்றில் எதையும் செய்யாது. குடலின் அசைவை நிறுத்தி, பார்ப்பவருக்கு வசதி செய்து தருவது அது.

பெருங்குடல் ஸ்கோப்புக்கு மிடாசோலம் மட்டும் போட்டால் என்ன ஆகும்? பாதியில் முனகுவார், முகம் சுளிப்பார், டாக்டரின் கையைத் தட்டிவிடுவார். ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டால், ‘ஒண்ணுமே தெரியல டாக்டர், நல்லா தூங்கிட்டேன்’ என்பார். அந்த வாக்குமூலத்தை வைத்து ‘நம்ம இடத்துல வலியே இல்லாம பண்றோம்’ என்று முடிவுகட்டும் இடங்கள் உண்டு. ஞாபகம் இல்லை என்பது வலி இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. வலித்ததா என்று தெரிய வேண்டுமானால் அந்த நேரத்தில் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வாய்வழி ஸ்கோப்பை எடுத்துக்கொள்வோம். இதில் பிரச்சினை வலியில்லை, குமட்டல். நாக்கின் அடிப்பகுதியிலும் தொண்டையின் பின்சுவரிலும் ஏதாவது பட்டால் உடம்பு அதை வெளியே தள்ளப் பார்க்கும். ஸ்கோப்பின் தடிமன் சுமார் 9 மி.மீ.; உணவுக்குழாய்க்கு அது பெரிய விஷயமே இல்லை. இரைப்பையில் சதை எடுக்கும்போதுகூட (பயாப்ஸி) வலிக்காது. உட்சவ்வுக்கு வெட்டினால் வலிக்கும் நரம்பு கிடையாது. இழுத்தாலோ உப்பினாலோதான் தெரியும். அதனால் 5 முதல் 10 நிமிடத்தில் முடியும் சாதாரணப் பரிசோதனைக்கு ஸ்பிரே மட்டும் பலருக்குப் போதும். தமிழ்நாட்டில் பெரும்பாலான இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. முடித்துவிட்டு அரை மணியில் எழுந்து பைக்கை எடுத்துக்கொண்டு போகலாம் என்பது அதன் பெரிய லாபம்.

ஆனால் ஸ்பிரேயை ஒழுங்காக அடிக்க வேண்டும். 10 சதவீத ஸ்பிரேயில் ஒரு அழுத்தத்துக்கு 10 மி.கி. லிக்னோகெய்ன் வரும். 3 முதல் 5 அழுத்தம் வழக்கம். பெரியவர்களுக்கு மொத்தம் 200 மி.கி.யைத் தாண்டக் கூடாது. மெலிந்தவர், முதியவர், கல்லீரல் கெட்டவர் என்றால் அதைவிடக் குறைவு. செறிவு பிராண்டுக்குப் பிராண்டு மாறும், புட்டியைப் பார்க்காமல் ‘பத்து தடவை அடி’ என்று சொல்லக் கூடாது. ஆளை உட்காரவைத்து, வாயைத் திறந்து ‘ஆ’ சொல்லச் சொல்லி, முதல் அழுத்தத்தை நாக்கின் பின்பகுதியில் அடித்து அரை நிமிடம் விட வேண்டும். அந்த இடம் மரத்த பிறகு அடுத்தது இன்னும் உள்ளே, பின்சுவரிலும் இருபக்கமும் போகும். ஒரே மூச்சில் ஐந்தையும் அடித்தால் இருமி வெளியே துப்பிவிடுவார். கசக்கும், எரியும் என்று முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது. அடித்து 3 நிமிடமாவது காத்திருக்க வேண்டும். அவசர ஓ.பி. நாளில் கோட்டைவிடுவது இதைத்தான்: ஸ்பிரே அடித்த கையோடு ஸ்கோப்பை உள்ளே விட்டால், மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கும் நேரத்தில் பரிசோதனை முடிந்திருக்கும்.

மரத்துப்போனதும் ‘தொண்டையில கட்டி மாதிரி இருக்கு, மூச்சு அடைக்குது’ என்று பலர் பயப்படுவார்கள். மூச்சு அடைக்காது, விழுங்குவது தெரியாததால் வரும் உணர்வு அது. ஸ்கோப் உள்ளே இருக்கும்போது எச்சிலை விழுங்க முயற்சி செய்யாமல், இடது பக்கம் சாய்ந்தபடி வாயோரம் வழிய விட வேண்டும். வெட்கப்பட்டு விழுங்கப் போனால் புரையேறும். கண்ணை மூடாமல் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி மூக்கால் மெதுவாக மூச்சு விடுவது, பாதி மயக்க மருந்துக்குச் சமம். முடிந்ததும் ஒரு மணி நேரம் எதுவும் குடிக்கக் கூடாது. பிறகும் முதலில் ஒரு வாய் பச்சைத் தண்ணீர்தான்; சூடான காபி குடித்தால் சுட்டதுகூடத் தெரியாது.

பெருங்குடல் கதை வேறு. அங்கே வலி நிஜம், அது வரும் வழியும் தெளிவு. ஸ்கோப்பைத் தள்ளத் தள்ள, சிக்மாய்டு என்னும் வளைந்த பகுதியில் அது நேராகப் போகாமல் வளையமாகச் சுருண்டு குடலைத் தூக்கிப்பிடிக்கும். குடலைத் தாங்கும் சவ்வு இழுபடும். நோயாளி முகம் சுளிப்பது அந்த நொடியில்தான். கூடவே உள்ளே ஊதும் காற்று. இரண்டுக்கும் முதல் மருந்து சிரிஞ்சில் இல்லை. ஸ்கோப்பைப் பின்னால் இழுத்து, முறுக்கி, வளையத்தை அவிழ்க்க வேண்டும். உதவியாளர் வயிற்றைச் சரியான இடத்தில் அமுக்க வேண்டும். ஆளைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்ஸைடு ஊதினால், அது குடல் வழியே நைட்ரஜனைவிட நூறு மடங்குக்கும் மேல் வேகமாக ரத்தத்தில் கரைந்து மூச்சில் வெளியேறிவிடும். மாலை வரை நீடிக்கும் வயிற்று உப்புசம் வராது. காற்றே ஊதாமல் தண்ணீர் விட்டுக்கொண்டே போகும் முறையும் வலியைக் குறைக்கிறது. ‘வலிக்குது’ என்றதும் ‘இன்னொரு மில்லி போடும்மா’ என்பது சோம்பேறித்தனம். வளையம் அப்படியே இருக்கும். வலியைச் சொல்லும் வாய் மட்டும் அடங்கும். ஆழ்ந்து தூங்கும் ஆளின் குடலில் எவ்வளவு அழுத்தித் தள்ளுகிறோம் என்று யார் எச்சரிப்பார்கள்?

மருந்து தேவை என்று முடிவானால், விழிப்பு கலந்த மயக்கத்துக்கு வழக்கமான ஜோடி ஃபென்டனிலும் மிடாசோலமும். ஃபென்டனில் முதலில், அது வேலை செய்வதைப் பார்த்த பிறகு மிடாசோலம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றும் ஒன்றும் மூன்றாகும் என்பதால் ஒவ்வொன்றின் அளவும் குறைய வேண்டும். ஃபென்டனில் 25 முதல் 50 மைக்ரோகிராம். 3 முதல் 5 நிமிடத்தில் உச்சம் தொடும். தேவைப்பட்டால் 25 சேர்க்கலாம். மிடாசோலம் 1 முதல் 2 மி.கி.யில் தொடங்கி, குறைந்தது 2 நிமிடம் பார்த்து, அரை அல்லது ஒரு மி.கி.யாக ஏற்ற வேண்டும். திடமான ஆளுக்கு மொத்தம் 5 மி.கி.க்கு மேல் அநேகமாகத் தேவைப்படாது. 70 வயது தாண்டியவருக்கு அதில் பாதிக்கும் குறைவு. தொடக்கமே அரை மி.கி. போதும், காத்திருப்பு மட்டும் அதிகம். முதியவர்களுக்கு மருந்து மூளைக்குப் போய்ச் சேரவே நேரம் பிடிக்கும். ‘ஒண்ணும் ஆகலையே’ என்று இரண்டாவதைப் போட்டு, மூன்றாவதையும் போட்டு, நாலாவது நிமிடத்தில் மூன்றும் சேர்ந்து தாக்கும்போது மூச்சு நிற்கும். மிடாசோலம் விபத்துகளில் பல இந்த அவசரத்தின் பிள்ளைகள்.

இன்னும் பல ஆம்பூலில், அதாவது மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பியில், ஒளிந்திருக்கின்றன. மிடாசோலம் ஒரு மி.லி.க்கு 1 மி.கி. செறிவிலும் வரும், 5 மி.கி. செறிவிலும் வரும். 1 மி.லி. சிறிய ஆம்பூலில் இருப்பது பெரும்பாலும் 5 மி.கி. அதை ‘ஒரு மில்லி’ என்று வாய்மொழியாகச் சொல்லிப் போட்டால் ஐந்து மடங்கு உள்ளே போய்விடும். 2008 டிசம்பரில் இங்கிலாந்தின் நோயாளி பாதுகாப்பு அமைப்பு, செறிவு கூடிய ஆம்பூல்களைப் பொது இடங்களிலிருந்து எடுத்துவிட்டு 1 மி.கி. செறிவை வைக்கச் சொன்னது இதற்காகத்தான். 5 மி.கி. ஆம்பூல்தான் கிடைக்கிறது என்றால், 5 மி.லி. சிரிஞ்சில் இழுத்து சலைன் சேர்த்து 5 மி.லி. ஆக்கி, ‘மிடாசோலம் 1 மி.கி./மி.லி.’ என்று லேபிள் ஒட்ட வேண்டும். ஃபென்டனில் 2 மி.லி. ஆம்பூலில் 100 மைக்ரோகிராம், 10 மி.லி. ஆக்கினால் ஒரு மி.லி.க்கு 10. கேட்கும்போதும் மில்லி கணக்கில் கேட்கக் கூடாது, ‘ஒரு மில்லிகிராம் மிடாசோலம்’ என்று முழுசாகச் சொல்ல வேண்டும். போடுபவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

சிறிய சென்டர்களில் ஃபென்டனில் இருக்காது. போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருவதால் அனுமதி, பதிவேடு, பூட்டிய அலமாரி என்று வேலை இருக்கிறது. பல இடங்கள் அந்தத் தலைவலியே வேண்டாம் என்று டிரமடாலையோ பென்டசோசினையோ வைத்துக்கொள்கின்றன. டிரமடால் குமட்ட வைக்கும், வலிப்பு நோய் உள்ளவருக்கு ஆகாது. பென்டசோசின் சிலருக்குக் கெட்ட கனவு மாதிரி ஒரு கலக்கத்தைத் தரும். வலியும் முழுதாகப் போகாது. அந்தச் சட்டத்தின் 2014 திருத்தம் ஃபென்டனில், மார்ஃபின் உள்ளிட்டவற்றை அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று தனியாகப் பிரித்து, ஆஸ்பத்திரிகள் வாங்கி வைக்கும் வழியை எளிதாக்கியிருக்கிறது. கொஞ்சம் காகித வேலைக்கு அஞ்சி நோயாளிக்கு மட்டமான மருந்தைக் கொடுப்பது நியாயமாகப் படவில்லை.

மிடாசோலம் போட்டதும் சிலர் அடங்காமல் எகிறுவார்கள். திட்டுவார்கள், கையில் மருந்து ஏற்றச் செருகிய வென்ஃப்ளான் ஊசியைப் பிடுங்குவார்கள். மருந்து போதவில்லை என்று நினைத்து மேலும் போட்டால் இன்னும் மோசமாகும். முதலில் பார்க்க வேண்டியது ஆக்ஸிஜன். மூச்சுத் திணறும் ஆளும் இப்படித்தான் எகிறுவார். ஆக்ஸிஜன் சரியாக இருந்தால் இது மருந்தின் எதிர்விளைவு. நிறுத்திவிட்டுக் காத்திருக்கலாம், முற்றினால் மிடாசோலத்தை முறிக்கும் ஃபுளுமாசெனில் 0.2 மி.கி. போடலாம். தினமும் குடிப்பவர்களிடமும், தூக்கத்துக்கு அல்பிரசோலம் சாப்பிடுபவர்களிடமும் வழக்கமான அளவு எடுபடாது. ‘மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா’ என்று கேட்கும்போது இதையும் தனியாகக் கேட்க வேண்டும். வருடக்கணக்கில் அந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு ஃபுளுமாசெனில் போட்டால் வலிப்பு வரலாம்.

மயக்கத்தை முறிக்கும் மாற்று மருந்துகள் டிராலியில் இருக்கின்றனவா, தேதி முடியவில்லையா என்று காலையிலேயே பார்த்துவிட வேண்டும். ஃபென்டனிலுக்கு நலாக்ஸோன், 400 மைக்ரோகிராம் ஆம்பூலை மொத்தமாகக் கொட்டாமல் 40 முதல் 100 வரை சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். மிடாசோலத்துக்கு ஃபுளுமாசெனில், 0.2 மி.கி.யாக மொத்தம் 1 மி.கி. வரை. இரண்டிலும் ஒரே பொறி இருக்கிறது: மாற்று மருந்தின் சக்தி ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும், முதலில் போட்டது உடம்பில் மிச்சம் இருக்கும். எழுந்து உட்கார்ந்து பேசியவர் ஆட்டோவில் போகும்போது மறுபடி சரிந்து தூங்குவார். மாற்று மருந்து போட்டவரைக் குறைந்தது 2 மணி நேரம் கண்முன்னே வைத்திருக்க வேண்டும்.

புரொபோஃபாலின் பால்வெள்ளை நிறத்துக்குக் காரணம் அதில் இருக்கும் சோயா எண்ணெயும் முட்டை லெசிதினும். 1 சதவீதம், அதாவது ஒரு மி.லி.யில் 10 மி.கி. முதலில் கிலோவுக்கு 0.5 முதல் 1 மி.கி., பிறகு 10, 20 மி.கி. என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். முக்கால் நிமிடத்துக்குள் தூக்கம், 5 முதல் 10 நிமிடத்தில் விழிப்பு, தலை தெளிவாக இருக்கும், வாந்தி குறைவு. கண்டுபிடித்த ஜான் கிளென் கால்நடை மருத்துவம் படித்தவர். 2018இல் லாஸ்கர் விருது பெற்றார். உள்ளே ஏறும்போது கை எரியும். சின்ன ரத்தக்குழாயை விட்டு முழங்கை மடிப்பின் பெரிய ரத்தக்குழாயில் போட்டால் குறையும், முன்னால் 20 முதல் 40 மி.கி. லிக்னோகெய்ன் போட்டாலும் குறையும். எண்ணெய்க் கலவையில் கிருமி செழித்து வளரும், அதனால் ஒருவருக்குத் திறந்த குப்பியை அடுத்தவருக்குப் பயன்படுத்துவது குற்றம்.

இதற்கு மாற்று மருந்து கிடையாது. அரைத்தூக்கத்துக்கும் முழு மயக்கத்துக்கும் நடுவே சுவரும் கிடையாது. இன்னொரு 20 மி.கி.யில் ஆள் அந்தப் பக்கம் போய்விடுவார், மூச்சு நிற்கும், பிரஷர் இறங்கும். அதனால் போடுபவர் மயக்க மருத்துவராக இருக்க வேண்டும், அவருக்கு அந்த அறையில் வேறு வேலை இருக்கக் கூடாது. 2014இல் நியூயார்க்கில் நகைச்சுவை நட்சத்திரம் ஜோன் ரிவர்ஸ் தனியார் எண்டோஸ்கோபி மையமொன்றில் புரொபோஃபால் மயக்கத்தில் இருந்தபோது ஆக்ஸிஜன் இறங்கி இதயம் நின்று, சில நாட்களில் இறந்தார். வயது 81. பிறகு நடந்த அரசு ஆய்வு எழுதிய குறைகளில் ஒன்று மிகச் சாதாரணமானது: மருந்து போடுவதற்கு முன் எடையைக் குறிக்கவில்லை.

மூச்சைக் கண்காணிப்பது பற்றி. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் காட்டுவது ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று; மூச்சு ஓடுகிறதா என்று அது சொல்லாது. மூக்குக் குழாயில் 2 லிட்டர் ஆக்ஸிஜன் போய்க்கொண்டிருந்தால், மூச்சு நின்ற பிறகும் மானிட்டர் 99, 98 என்று சிரித்துக்கொண்டிருக்கும். அது 90க்கு இறங்கும்போது கையிருப்பு தீர்ந்திருக்கும், பிறகு சரிவு படுவேகம். வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்ஸைடை அளக்கும் கேப்னோகிராஃப் இருந்தால், அலை தட்டையாகும் முதல் சில நொடிகளிலேயே தெரிந்துவிடும். அது இல்லாத இடத்தில் நெஞ்சு எழுந்து தாழ்வதை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விளக்கை அணைத்துப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டால் எதைப் பார்ப்பது?

இன்னொரு சின்ன விஷயம், தினமும் நடப்பது. பிரஷர் கஃப் கட்டிய கையிலேயே ஆக்ஸிமீட்டரை மாட்டுவார்கள். கஃப் உப்பும் ஒவ்வொரு முறையும் விரலுக்கு ரத்தம் போகாமல் அலாரம் அடிக்கும். மூன்றாவது முறை யாரோ அலாரத்தை அமுக்கிவிடுவார்கள். நான்காவது நிஜமாக இருக்கும். அதே கையில் வென்ஃப்ளானும் இருந்தால் கஃப் உப்பியிருக்கும்போது போட்ட மருந்து அங்கேயே தேங்கி, காற்று இறங்கியதும் மொத்தமாகப் பாயும். இடது பக்கம் சாய்ந்து படுப்பதால் மேலே இருக்கும் வலது கையில் வென்ஃப்ளானும் ஆக்ஸிமீட்டரும், கஃப் அடுத்த கையில் அல்லது காலில். மருதாணி, நகப்பூச்சு உள்ள விரலில் எண் பிசகினால் காது மடலில் மாட்டலாம்.

அலை தட்டையானால் முதலில் மருந்தை நிறுத்தி, ஆளைத் தட்டிக் கூப்பிட வேண்டும். தாடையை முன்னால் தூக்கிப் பிடித்தாலே பெரும்பாலும் குறட்டைச் சத்தத்தோடு மூச்சு திரும்பும். திரும்பாவிட்டால் ஆக்ஸிஜனைக் கூட்டி, மூக்கு வழியே காற்றுக்குழாய், எச்சிலை உறிஞ்ச சக்ஷன். அதற்கும் அசையாவிட்டால் ஸ்கோப்பை வெளியே எடுத்துவிட்டு, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக். ‘இன்னும் ஒரே ஒரு பயாப்ஸி’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

வெறும் வயிறு என்றால் என்ன என்பதில் நம்மூரில் ஒரு தனிக் குழப்பம். பால் கலந்த காபியைப் பலர் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. ‘ஒண்ணும் சாப்பிடல, காபி மட்டும்தான்’ என்பார்கள். பால் வயிற்றுக்குள் திரிந்து கட்டியாகும். அதற்கு இட்லிக்கு உள்ள அதே 6 மணி நேரம் வேண்டும். பிரியாணி, பொங்கல்-வடை போன்ற எண்ணெய்ச் சாப்பாட்டுக்கு 8. தண்ணீர், பால் சேராத காபி 2 மணி நேரம் முன்பு வரை சரி. சர்க்கரைக்கோ எடைக்கோ வாராந்திர ஊசி போடுபவர் அதை நாள் குறிக்கும்போதே சொல்ல வேண்டும். அந்த மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதமாக்கும். சத்தமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்பவரா என்று கட்டிய மனைவியைக் கேட்டால்தான் சரியான பதில் வரும். கல்லீரல் சுருங்கியவருக்கு மிடாசோலம் மூளைக் குழப்பத்தைக் கொண்டுவரலாம். ரத்த வாந்தி எடுப்பவரை மயக்குவதானால் முதலில் மூச்சுக்குழாயில் டியூப் போட்டுப் பாதுகாக்க வேண்டும். குப்புறப் படுக்கவைத்துப் பித்தக்குழாய், கணையக்குழாய்க்காக நீண்ட நேரம் செய்யும் ஈ.ஆர்.சி.பி.க்கு அரைமயக்கம் ஒத்துவராது, மயக்க மருத்துவர் இல்லாமல் தொடங்காமல் இருப்பதே நல்லது. அதில் ஆசனவாயில் வைக்கும் 100 மி.கி. டைக்ளோஃபெனாக் வலிக்காக வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். கணைய அழற்சி வராமல் தடுக்க வைப்பது அது.

முடிந்த பிறகு டாக்டர் படத்தைக் காட்டி விளக்குவார், நோயாளியும் தலையாட்டுவார், ‘சரிங்க டாக்டர்’ என்பார். மிடாசோலம் போட்டிருந்தால் அந்தப் பேச்சில் ஒரு வரிகூட மறுநாள் ஞாபகம் இருக்காது. கூட வந்தவரை அழைத்து வைத்துச் சொல்ல வேண்டும், எழுதியும் கொடுக்க வேண்டும். மயக்க மருந்து போட்டவர் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, கையெழுத்துப் போடும் வேலை வேண்டாம், மது கூடாது.

வீட்டுக்குப் போன பின் வரும் வயிற்று உப்புசம் நடந்தால், காற்றுப் பிரிந்தால் குறையும். தொண்டைக் கரகரப்பு ஒன்றிரண்டு நாள் இருக்கும், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் போதும். நேரம் ஆக ஆக ஏறும் வலி, கல் போல இறுகும் வயிறு, தோளுக்குப் பரவும் வலி, காய்ச்சல், கழுத்தைத் தொட்டால் தோலுக்கடியில் நறநறவென்று காற்று ஓடுவது, கறுப்பாக மலம் போவது: இவற்றில் எது வந்தாலும் வலி மாத்திரை போட்டுப் படுத்துத் தூங்கிவிடக் கூடாது. குடலில் ஓட்டை விழுந்திருந்தால் அதைச் சொல்லும் முக்கியமான ஆள் அந்த வலி. மாத்திரை போடாமல், சாப்பிடாமல், நேராக அவசரப் பிரிவுக்குப் போய் ‘இன்னைக்கு ஸ்கோப் பண்ணினாங்க’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.